சுண்டுவெரலுக்கு எடமில்லாத ரிவால்வர்

...இல்ல, நீயே சொல்லு கிளிஃபர்ட்டு. மனுஷனுக்கு ஒரு கையில எத்தன வெரலு? அஞ்சு. கட்டவெரலு இந்தப் பக்கம் சுத்திகினு போச்சா? ஆள்காட்டி வெரலு ட்ரிக்கர் பக்கம். மிச்சம் மூணு. மூணு வெரலுக்கு எடம் வேணுமா வேணாமா? இதுல ரெண்டுக்குத்தான் எடம்! சுண்டுவெரலு கீழ சும்மா தொங்குது பாரு. எத்தன காகிதம் எழுதி, எத்தன ஆபீஸ் படி ஏறி எறங்கி வாங்கின சாமான் இது... அதுல என் சுண்டுவெரலுக்கு எடமில்லன்னா வயிறு எரியுமா எரியாதா?

பயப்படாதடா, காலி. இந்தா பாரு, உருளைய தொறந்து காட்டறேன். ஆறு ஓட்டையும் காலி. குண்டெல்லாம் வீட்ல பீரோவுல இருக்குது, சொர்ணத்தோட பட்டுப்பொடவைக்கு அடியில. உன் கடைக்கு குண்டோட வருவேனா? அம்பது வருஷ சிநேகம், அந்த மரியாதை தெரியாதா எனக்கு?

நீ உன் வேலய பாரு, பாரு. அந்த கிடாருக்கு தந்தி முறுக்கற சாவி மாட்டு. வாய் நெறய ஸ்க்ரூவ வெச்சிகினு இருக்கே, நீ எங்க பேசப்போறே... வாயில ஒண்ணும் இல்லன்னாலும் நீ பேசமாட்ட, அது வேற விஷயம். நான் பேசறேன், நீ கேளு. ஸ்கூல்லேருந்து அப்படித்தானே நமக்கு?

இத வாங்கின புதுசுல ரைஃபிள் கிளப்புல போயி எட்டு ரவுண்டு சுட்டேன். வாழ்க்கைல மொத்தமே எட்டுதான். சின்ன சாமானாச்சே, ஒதை கம்மியா இருக்கும்னு நெனச்சேன். எங்க! சாமான் சின்னதா இருந்தா ஒதை ஜாஸ்தியாம், அங்க போனப்புறம் சொல்றானுங்கோ. இந்த கட்டவெரலுக்கும் ஆள்காட்டி வெரலுக்கும் நடுவுல, இந்த தோலு, அப்படியே உரிஞ்சு வந்துடுச்சு. மூணு நாளு சொர்ணம்தான் சோறு பெசஞ்சு குடுத்தா. பெசஞ்சுகினே கேக்கறா, "எதிராளி மேல பட்டுச்சா?"ன்னு. அட்டைடி, நான் சுட்டது அட்டைன்னேன். "அட்டைக்கு ஒண்ணும் ஆவலியே"ன்னா. அவளுக்கு எப்பவும் என்ன கண்டா எளக்காரம்.

விட்டேனா? துப்பாக்கிக் கடைக்கே போனேன். கடைக்காரன் சொல்றான், "சார், இது மறைச்சு வெச்சுக்கறதுக்குன்னே செஞ்சது. பிடி பெருசா இருந்தா சட்டைக்கு மேல துருத்தும். அதனாலதான் சின்னது." அப்ப சுடும்போது? "சார், நீங்க எங்க சுடப்போறீங்க?"ன்னு சிரிக்கறான். பாத்தியா அவன் வாய? லைசன்ஸ் ஹோல்டர்கிட்ட பேசற பேச்சா அது?

அப்பதான் புரிஞ்சுது எனக்கு. கைக்கு சுகமா பிடி போட்டா இடுப்புல இருக்கமாட்டேங்குது. இடுப்புக்கு சுகமா போட்டா கையில இருக்கமாட்டேங்குது. இந்த ரெண்டுக்கும் நடுவுல அஞ்சு வருஷமா நான் லோல்படறேன்.

மொதல்ல ரப்பர் பிடி போட்டேன். சொர்ணத்தோட அக்கா பையன் தருண் இல்ல, அமெரிக்காவுல இருக்கானே, அவன் வாங்கி அனுப்பினான். கொஞ்சம் அரத்தால தேச்சு உக்கார வெச்சேன். ஆஹா, கைக்கு என்ன சுகம்ன்றே! மெத்துன்னு, சுண்டுவெரலும் உக்காந்துகிச்சு. சரி, முடிஞ்சுது பேஜாருன்னு சந்தோஷமா ஹரிஷ்குமார் பொண்ணு நிச்சயதார்த்தத்துக்கு இடுப்புல வெச்சிகினு போனேன். ஹரிஷ்குமார் தெரியுமில்ல? என் சகலை, எலஹங்கால லேஅவுட் போட்டு விக்கறானே, அவன்தான். அவன்கிட்டயும் ஒண்ணு இருக்குது. அது வேற கதை... இல்ல, அதுதான் கதையே, அப்புறம் சொல்றேன்.

என்னாச்சுன்னா, ரப்பருக்கு ஒரு கெட்ட கொணம். துணிய புடிச்சா விடாது. தாம்பூலத் தட்ட வாங்கறதுக்கு குனிஞ்சேன், நிமிந்தேன். நான் நிமிந்தேன், சட்ட நிமிரல. அந்த ரப்பர் மேல ஒட்டிகினு இடுப்புக்கு மேலயே நிக்குது. எனக்குத் தெரியாது! தட்ட கையில வெச்சிகினு ஹால் முழுக்க சுத்தி வந்திருக்கேன். எல்லாரும் பாத்தாங்கோ. சரி, பாக்கட்டுமே, பாத்தா தப்பில்லன்னு வெச்சுக்கோ... ஒருத்தனாவது வாயத் தொறந்து "இன்னா சார், இதெல்லாம் வெச்சிருக்கீங்க"ன்னு கேக்கணுமா வேணாமா? ஒரு பெரியவரு பக்கத்துல வந்தாரு. மெதுவா தோள தொட்டு, "சுகர் மிஷினா சார்? எனக்கும் டாக்டர் போடச் சொல்லியிருக்காரு, வலிக்குமா?"ன்னு கேட்டாரு.

சிரிக்கறியா? சிரி சிரி. ஸ்க்ரூவ முழுங்கிடாத.

அன்னிக்கே அந்த ரப்பர கழட்டி கடாசினேன். அப்புறம் சிவாஜிநகர்ல ஒரு ஆள புடிச்சேன், மரத்துல பண்ணித் தரேன்னான். எந்த மரம்னான். நான் சும்மா இருந்திருக்கலாம். நமக்குத்தான் எல்லாத்துலயும் ஒரு தூக்கல் வேணுமே! வீட்ல ஒரு சந்தன யானை இருந்துச்சு, பந்தல் சாமான் வாடகைக்கு விடறவங்களோட ஷாமியானா அசோசியேஷன்ல வெள்ளிவிழாவுக்கு குடுத்தது, எம்போரியத்துல பில்லு போட்டு வாங்கினது. அத எடுத்துகினு போயி ரெண்டா அறுத்து, இந்தப் பக்கம் அர யானை, அந்தப் பக்கம் அர யானை, பிடி பண்ணிட்டேன். பாக்க லட்சணமா இருந்துச்சு. வழவழன்னு, சட்டையில ஒட்டல, துருத்தல.

ஆனா வாசன! எங்க போனாலும் வாசன! லிஃப்டுல ஏறினா பின்னாடி நிக்கறவன் மூக்க உறிஞ்சி, "யாரோ பூஜையிலேருந்து வராங்கோ"ன்றான். வேர்வை பட்டா இன்னும் ஜாஸ்தி. மறைச்சு வெக்கற சாமான்டா இது! நான் வரதுக்கு முன்ன அது வருது. போதாக்குறைக்கு ஆயுத பூஜையன்னிக்கு சொர்ணம் என்ன பண்ணா... டெம்போவுக்கு வெச்சா, ஜெனரேட்டருக்கு வெச்சா, அண்டா கரண்டிக்கெல்லாம் வெச்சா, கடைசில இதுக்கும் சந்தனத்த கொழச்சு, குங்குமத்த அப்பி, பூவ சொருகிட்டா. ஆயுதம்னு வீட்ல இருக்கறதே இது ஒண்ணுதான்னு. குங்குமம் உள்ள எறங்கிடுச்சு. ட்ரிக்கரு அசையமாட்டேங்குது! சர்வீஸுக்கு குடுத்தா அந்த கடைக்காரன் தொறந்து பாத்துட்டு கன்னத்துல போட்டுக்கறான்.

என்ன பாக்கறே? ஆங்... ஏன் மொதல்லயே உன்கிட்ட வரலன்னுதானே பாக்கறே?

வந்திருக்கலாம்தான். பெங்களூர்ல மரத்த கைக்கு ஏத்த மாதிரி எழைக்கறதுக்கு உன்ன விட்டா யாரு? காக்ஸ் டவுன்ல எந்த சர்ச்சுல வயலின் ஒடஞ்சாலும் உன்கிட்டதான் வருது. எனக்குத் தெரியாதா? ஆனா... என்னமோ வரல. நீ பிஸி. உனக்கு வேற உன் கஷ்டம். உன் வீட்டம்மா ரோஸ்லின் மட்டும் மெல்போர்னுக்கு பொண்ணு ஷெரின் பிரசவத்துக்குப் போயி எட்டு மாசம் ஆச்சு, நீ இங்க ஒண்டியா பிரெட்ட தின்னுகினு கெடக்கறே. பாஸ்போர்ட் வரல. இந்த நேரத்துல நான் வந்து பிடி பண்ணிக் குடு, பிடி பண்ணிக் குடுன்னா நல்லாவா இருக்கும்? சொர்ணம் கையால வாரத்துக்கு ரெண்டு தபா கொழம்பு அனுப்பறேனா இல்லியா? அதெல்லாம் மனசுல இருக்கறதாலதான்.

என்ன இது, மாவா? ஓ... எம்சீலா, பைப்பு ஓட்டைய அடைப்பாங்களே அதுவா. ரெண்டையும் பெசஞ்சு... சரி சரி, புரிஞ்சுது. பழைய பிடிய கழட்டிட்டு இந்த இரும்பு சட்டத்து மேல அப்பறே, நான் அமுக்கிப் புடிக்கணும், என் கை அச்சு அதுல விழும். காஞ்சப்புறம் அத பாத்து நீ மரத்துல எழைக்கறே. பேஷ்! இந்த மூள ஒருத்தனுக்கு இருந்துச்சா? அஞ்சு வருஷமா எல்லாரும் சாமானத்தான் அளந்தானுங்கோ, என் கைய எவனும் அளக்கல.

எண்ணெயா? கை அதுல ஒட்டிக்காம இருக்கவா? தடவிக்கறேன் தடவிக்கறேன், பாட்டில அங்க வையி. ஹரிஷ்குமார் கதைய சொல்லி முடிச்சிடறேன்.

அவன் ஒரு ஃபங்ஷனுக்கு வந்தா எப்படி வரான் தெரியுமா? ஜீப்லேருந்து எறங்கி, சட்டய இப்படி கொஞ்சம் தூக்கி, இடுப்புல ஒரு தட்டு தட்டிட்டு உள்ள வருவான். அவ்ளோதான்! "வாங்கோ சார், உக்காருங்கோ சார்"ன்னு பத்து பேரு நாற்காலிய இழுக்கறான். யாரு நாற்காலி அது? என் நாற்காலி! ஷாமியானா என்னுது, நாற்காலி என்னுது, அவன் குடிக்கற காப்பிக்கு பாய்லர் என்னுது. அங்க நான் மூலையில நிக்கறேன், "எத்திராஜ், இன்னும் நாலு சேர் எடுத்துப்போடு"ன்றானுங்கோ. என் மாமியாரே சொல்லுது! அன்னிக்கு முடிவு பண்ணேன், நமக்கும் ஒண்ணு வேணும்னு. சும்மனே இல்ல கிளிஃபர்ட்டு. மனுஷன்னா ஒரு மதிப்பு வேணும்.

ஆங், புடிச்சிட்டேன். இப்படியா? இன்னும் அழுத்தமா? சுண்டுவெரல பாரு, உக்காந்துகிச்சு! அடடா... கிளிஃபர்ட்டு, என் கைக்குன்னே பொறந்த மாதிரி இருக்குதுடா. அரமணி நேரமா? அரமணி என்ன, ஒரு மணி நேரம் புடிக்கறேன்... ஏண்டா கட்டற? என்ன இது, சைக்கிள் டியூபா? பேசும்போது கைய ஆட்டறேனா? ஆட்டறேனா நானு? சரி, ஆட்டறேன்தான். கட்டு, கட்டு. நல்லா சுத்திக் கட்டு. மணிக்கட்டு வரைக்குமா? சரி, நீ தொழில் தெரிஞ்சவன்.

இரு, உன் ஃபோன் அடிக்குது. ஷெரினா? எடு எடு. கைய மேஜைக்கு அடியில வெச்சுக்கறேன், பொண்ணு பயந்துடப்போவுது... ஹலோ ஷெரின் கண்ணு! எத்திராஜ் அங்கிள்மா. ஆங், நல்லா இருக்கேன். உங்க அப்பாகிட்ட ஒரு சின்ன வேலையா வந்தேன். எங்க, குட்டிய காட்டு... அய்யய்யோ, அய்யய்யோ, யாருடா இது! பல்லு வந்துடுச்சா? ரெண்டா? டேய் கிளிஃபர்ட்டு, அப்படியே உன் மூக்குடா! பாரு, ஸ்க்ரீன தொடறான் பாரு, தாத்தா மூக்க புடிக்கறான்... என்னம்மா? பாஸ்போர்ட்டா? வந்துடும் கண்ணு. அது... போலீஸ் வெரிஃபிகேஷன்ல ஏதோ சிக்கிகினு இருக்குது. ரெண்டு தபா நான்தானே கூட போனேன், கத்திட்டு வந்தேன். என்னான்னே சொல்லமாட்டேன்றாங்கோ. விடுவேனா நானு? உங்க அப்பாவ ஏத்தி அனுப்பறது என் பொறுப்பு. சரிம்மா. வெக்கறேன்மா. ரோஸ்லின் அம்மாவ கேட்டதா சொல்லு.

...

கண்ணாடிய தொடச்சுக்கோ. தொட. வெக்கப்படாத, நான்தானே.

ஏழு மாசம் ஆச்சில்ல புள்ளைக்கு? ஏழு. உக்காந்துக்கறான்.

கிளிஃபர்ட்டு... நான் ஒண்ணு சொல்லணும். பிடிக்காக மட்டும் வரல நானு. பிடியும்தான், ஆனா அது மட்டுமில்ல. நாளைக்கு காலைல பத்து மணிக்கு உன்ன பாக்க ஒருத்தங்க வருவாங்கோ. ஸ்டேஷன்லேருந்து. புது இன்ஸ்பெக்டரம்மா. நல்ல மாதிரிதான், ஆனா ரொம்ப ஸ்ட்ரிக்டு. என் லைசன்ஸ் ரினியூவலுக்கு வந்திருக்குது, அது சம்பந்தமா உன்கிட்ட ஒரு கேள்வி கேப்பாங்கோ. ஒரே கேள்வி.

எப்படி கேப்பாங்கன்னா... "நீங்க இப்பவும் எத்திராஜ கொல்லணும்னு இருக்கீங்களா?"ன்னு.

இரு, இரு. மொறைக்காத. மொதல்லேருந்து சொல்றேன். லைசன்ஸுக்கு எழுதிக் குடுக்கப் போனேனா, அங்க வெளிய டைப் அடிக்கறவன் மஞ்சுநாத்துன்னு ஒருத்தன். காரணம் என்னன்னு கேட்டான். தற்காப்புன்னேன். "யாரு கிட்டேருந்து?"ன்னான். பொதுவான்னேன். "பொதுவா எல்லாம் ஆகல்லா சார், ஒந்து ஹெசுரு பேக்கு"ன்னான். ஒரு பேரு வேணுமாம்! யாரு உங்கள மெரட்டினாங்க, எப்ப, எங்க, அதுக்கு ஸ்டேஷன்ல ஒரு பெட்டிஷன் குடுத்து அதோட காப்பி வெக்கணுமாம். எனக்கு அங்க நின்னுகினு தல சுத்துது. அம்பத்தெட்டு வருஷம் வாழ்ந்திருக்கேன், என்ன கொல்லணும்னு எவனாவது இருக்கானான்னு யோசிச்சா ஒருத்தன் பேரும் வரல. டெம்போ டிரைவர் எவனாவது? ஊஹூம். ஷாமியானா போட்டி ஆளு ஆண்ட்ரூ? அவன் என்ன பாத்தா டீ வாங்கித் தரான். எவ்வளவு அசிங்கம் சொல்லு, எதிரின்னு காட்ட ஒருத்தன் இல்ல!

அப்பதான் அந்த கிறிஸ்மஸ் கேரல்ஸ் நிகழ்ச்சி ஞாபகம் வந்துச்சு. என் பசங்க மேடைய கழட்டும்போது பைப்ப உன் பெரிய கிடார் மேல போட்டுட்டானுங்களே, நடு மேடையில நூறு பேரு எதிர்ல நீ கத்தல? "எத்திராஜ், உன்ன கொல்லாம விடமாட்டேன்டா"ன்னு? கத்தினியா இல்லியா? கத்தினே! அதுக்கப்புறம் நாம ரெண்டு பேரும் ஒண்ணா ஒக்காந்து பிரியாணி தின்னோம், அது இருக்கட்டும். பெட்டிஷன்ல பிரியாணிக்கு எடமில்லியே.

யோசிச்சுப் பாரு கிளிஃபர்ட்டு, தெரியாதவன் பேர எழுதினா அவன் என் மேல கேஸ் போடுவான். கொஞ்சம் பகை இருக்கறவன் பேர எழுதினா நெஜமாவே வந்து மெதிப்பான். எனக்கு ஆபத்துன்னு எழுதறதுக்கு ஆபத்தே இல்லாத ஆளு ஒண்ணு வேணும். உன்ன விட்டா யாரு இருக்காங்கோ எனக்கு? அது ஒரு வகையில உன் மேல இருக்கற நம்பிக்கைதான். நீ அப்படி பாரு.

ஏன் ஸ்க்ரூவெல்லாம் துப்பற? ஏதாவது சொல்லப்போறியா? சொல்லேன். திட்டேன். திட்டினா நல்லாதான் இருக்கும்... சும்மா பாத்துகினே இருக்காதடா.

இதோ பாரு, நாளைக்கு அந்தம்மா வந்தா நீ ரொம்ப ஒண்ணும் சொல்ல வேணாம். "ஆமா மேடம், எனக்கு அவன் மேல கோவம் இன்னும் ஆறல"ன்னு ஒரு வார்த்த. மூஞ்சிய கொஞ்சம் இப்படி வெச்சுக்கோ, இப்ப வெச்சிருக்கியே அதே மாதிரி. அது போதும். மெரட்டல் இன்னும் இருக்குதுன்னு எழுதிகினு போயிடுவாங்கோ, லைசன்ஸ் நீண்டுடும். இல்லன்னு சொல்லிட்டியோ, முடிஞ்சுது, சாமான கொண்டு வந்து ஒப்படைன்னுடுவாங்கோ. அப்புறம் ஹரிஷ்குமார் முன்னாடி நான் எப்படி நிப்பேன்? ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணுடா. அடுத்த மாசம் நாம ராஜியாயிட்டோம்னு நானே எழுதிக் குடுத்து, உன் பேர எடுக்க வெச்சு, பாஸ்போர்ட் ரிப்போர்ட்ட சரி பண்ணிடறேன்...

...

இல்ல. அது... பாஸ்போர்ட்டுன்னு சொன்னனா? வாய் தவறி வந்துடுச்சு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.

சரி, கொஞ்சம் இருக்குது.

கொஞ்சமில்ல, அதேதான். நீ ஒழுங்கான ஆளான்னு ஸ்டேஷன்ல புஸ்தகத்த பொரட்டினா, எத்திராஜ கொல்லுவேன்னு மெரட்டினவன்னு உன் பேரு நிக்குது. ரெண்டு தபாவும் அதனாலதான் திருப்பி அனுப்பினாங்கோ. மொத தபா எனக்கு சத்தியமா தெரியாது. ரோஸ்லின் மேல, ஷெரின் மேல, அந்தக் கொழந்த மேல சத்தியமா தெரியாது. ரெண்டாவது தபா போனப்ப உள்ள இருந்த ஏட்டு என்ன பாத்து, "நீங்க குடுத்த பெட்டிஷன்தானே சார்"ன்னான். அதுக்கப்புறமும் உன்கூட கவுண்டர்ல நின்னு கத்தினேனே... தெரிஞ்சுகினேதான் கத்தினேன். உனக்கு சந்தேகம் வரக்கூடாதேன்னு இன்னும் ஜாஸ்தியா கத்தினேன். அன்னிக்கு சாயங்காலத்துலேருந்துதான் கொழம்பு அனுப்பறேன்.

நான் பண்ணது கேவலம்டா. எனக்குத் தெரியும். கொழந்தைய ஃபோன்ல காட்டும்போதெல்லாம் எனக்கு உள்ள எப்படி இருக்கும் தெரியுமா? அன்னிக்கே போயி வாபஸ் வாங்கியிருக்கணும். வாங்கினா லைசன்ஸ் போயிடுமே, அடுத்த மாசம் பாத்துக்கலாம், அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு... ஏழு மாசம் ஆயிடுச்சு அவனுக்கு.

எங்க போற? கிளிஃபர்ட்டு? அந்த அலமாரிய ஏன் தொறக்கற? அது உன் பாஸ்போர்ட் ஃபைலு... அய்யோ, உளிய எடுக்கறியோன்னு பாத்தேன். பேப்பரா? எழுதப்போறியா? எனக்காகவா எழுதறே, நான் எழுதற மாதிரி? கன்னடத்துலயா? ஆமா, அவங்களுக்கு கன்னடத்துலதான் வேணும். மேல தேதி போடு. சரி, போட்டியா.

எழுது, எழுது, நான் ஒண்ணும் சொல்லல. நானே எழுதித் தருவேன், கை இப்படி இருக்குதே. இந்த டியூப கழட்டேன், கையெழுத்து போடறேன்... டேய், கை வரலடா! எண்ணெயா? தடவல. பாட்டில வையின்னேன், பேசிகினே இருந்துட்டேன், மறந்துட்டேன். கல்லு மாதிரி ஆயிடுச்சு. ஒரு வெரலும் அசையல. இன்னிக்குன்னு சுண்டுவெரலும் உள்ள மாட்டிகினு இருக்குது பாரு. நீ ஏண்டா எண்ணெய் தடவினியான்னு ஒரு வார்த்த கேக்கல? எங்க கேப்பே, அப்ப வாய் நெறய ஸ்க்ரூ.

அப்ப கையெழுத்துக்கு என்ன பண்றது? நாளைக்கு போட்டுக்கலாமா? நாளைக்கு காலைல, அந்தம்மா வரதுக்கு முன்ன, சத்தியமா... ஏன், ஏன் என் எடது கைய புடிக்கற? என்ன தடவற கட்டவெரல்ல? இது ஈட்டி மரத்துக்கு அடிக்கற பாலீஷு இல்ல? கிளிஃபர்ட்டு, கைநாட்டா? நான் எஸ்எஸ்எல்சி பாஸுடா! உன் பக்கத்து பெஞ்சில ஒக்காந்துதானே எழுதினேன்! ஊர்ல ஒரு மரியாதையான பிசினஸ்மேன்கிட்ட கைநாட்டு வாங்கறியா? போவட்டும், என்ன எழுதியிருக்கேன்னாவது காட்டு, படிச்சுட்டு வெக்கறேன். படிக்காம எதுலயும் வெக்கக்கூடாது, அதுவும் சட்டம்தான்.

காட்டு... "கேரல்ஸ் அன்னிக்கு கிளிஃபர்ட் சொன்னது சிநேகத்துல சொன்னது. அவரு என் பால்ய நண்பர். நான் குடுத்த பெட்டிஷன் பொய்." சரி. அது நெஜம்தான். இன்னும் கொஞ்சம் கடுமையா எழுதியிருந்தாலும் நான் கேட்டுகினு இருப்பேன். அப்புறம் இது என்ன, கீழ... "எனக்கு யாராலும், எந்த விதமான ஆபத்தும், எப்போதும் இருந்ததில்லை."

எப்போதும்னு போடணுமா? அத மட்டும் எடுத்துடேன். "தற்சமயம்"னு போடேன். நாளைக்கு எவனாவது புதுசா வந்தா? வரமாட்டானா? எவனும் வரமாட்டான். எனக்கும் தெரியும்.

அசிங்கமா இருக்குதுடா. உன் பேர எடுக்கறது இல்ல, அது எடுக்க வேண்டியது. இத படிச்சா அந்தம்மாவுக்கு, ஸ்டேஷன்ல இருக்கறவங்களுக்கெல்லாம், எத்திராஜ்ன்றவன கொல்லணும்னு நெனைக்கற அளவுக்கு கூட எவனும் பொருட்டா மதிக்கலன்னு தெரிஞ்சு போயிடும். சொர்ணத்துக்கு மட்டும் தெரிஞ்சிருந்துச்சு இத்தன நாளா.

சரி, வை. எங்க வெக்கணும்? இங்கயா? அமுக்கு. நல்லா அமுக்கு, ரேகை தெளிவா விழட்டும், அப்புறம் இன்னொரு தபா திருப்பி அனுப்பப்போறாங்கோ. விழுந்துச்சா? போ. நாளை வரைக்கும் காத்திருக்காத, இப்பவே போயி அந்தம்மா கையில குடு. ஷெரினுக்கு டிக்கெட் பாக்கச் சொல்லு. நீ போயி அந்தப் பயல மடியில போட்டுக்கோ, மூக்க புடிக்கட்டும்.

என்ன, நானும் வரணுமா? எப்படி வரது? கையில இதோட மெயின் ரோட்டுல எறங்கினா ஸ்கூல் விடற நேரம், ஊரே ஓடும்! நீ போயிட்டு வா, நான் இங்கயே ஒக்காந்திருக்கேன், வந்து உளியால தட்டி எடு. மெதுவா தட்டு. ஷட்டர பாதி எறக்கிட்டு போ... முழுசா எறக்காதடா, பாதி!

கிளிஃபர்ட்டு! கேக்குதா? ஒரு வார்த்தையாவது திட்டிட்டு போயேன்டா. இத்தன வருஷத்துல என்ன கொன்னுடுவேன்னு சொன்னவன் நீ ஒருத்தன்தான். அதையும் எழுதி வாங்கிகினு போறியே.